கராஜுக்கு ஓர் அடுப்பு

அஜின்கோர்ட், ரொறன்ரோ
28 ஓகஸ்ட் 2024

அன்புள்ள தம்பி மாமாங்கத்துக்கு,

அக்கா நாகேஸ்வரி எழுதுவது. எனக்கு இடது தோளைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அத்தானுக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உனக்கும் றீற்றாவுக்கும் பிள்ளைகளுக்கும் எதைத் தவிர சுகம் என்று எழுது.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். ரெலிபோனில் கதைத்தால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். பிறகு மாதக்கணக்கில் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கிக்கொண்டிருப்போம். கடிதத்தில் நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் துஷானியின் கலியாணத்தில், மணவறையில் வைத்தே வீட்டுக் கதவுப் பூட்டின் திறப்பை அவள் கையில் கொடுத்தேன். நீ வீடியோவில் பார்த்திருப்பாய். நம்முடைய மட்டக்களப்பு வழக்கம் உனக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாய் தகப்பன் அதே வளவுக்குள் ஒரு குடிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். மருமகன் விதுஷனின் ஆட்கள் யாழ்ப்பாணத்தார். அவர்களுக்குக் கண் பிதுங்கியது. கொடுத்தால் கொடுத்ததுதான் என்று நான் நிமிர்ந்து நின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மிச்சத்தையும் சொன்னேன். "இனி இது உங்கட வீடு. நானும் அப்பாவும் பின்வளவுக் கராஜத் திருத்திக்கொண்டு அங்க போறம்." துஷானி சோற்றைக் கிளறிக்கொண்டு, "ஓகே அம்மா, உங்களுக்கு அதுதான் விருப்பமெண்டா," என்றாள். விதுஷன் உடனே போனை எடுத்து, பின்வளவில் சின்ன வீடு கட்ட நகரசபை அனுமதி தருகிறதா என்று தேடினான். தருகிறதாம். நான் எழும்பிப்போய் ரசத்தைச் சூடாக்கினேன்.

கராஜுக்கு காஸ் குழாய் இல்லை. கொண்டுபோவதென்றால் வளவையே கிண்டவேண்டும். ஆகவே பெலற் அடுப்பு வைப்போம், அது பூமிக்கும் நல்லது என்கிறான் மருமகன். மரத்தூளை இறுக்கிச் செய்த குட்டிக் குச்சிகள்தான் பெலற். ஒரு பிடி கொண்டுவந்து காட்டினான். பார்த்தால் கோழித்தீன். முப்பத்தைந்து வருஷம் இந்த நாட்டில் உழைத்தது கோழித்தீனை எரித்துக் குளிர்காயவா என்று எனக்கு அருவருப்பாகப் போய்விட்டது.

உன் வீட்டிலும் அப்படி ஒன்று இருப்பதாக முன்னர் சொன்னாய். அது எந்த மாதிரி, வேறு என்னென்ன மாதிரி உண்டு, எல்லாம் எழுது. குறைகளை ஒளிக்காமல் எழுது. எனக்குக் குறைகள்தான் முக்கியம்.

தோளைத் தவிர சுகமாக இருக்கும்
அக்கா


லங்னாவ், சுவிஸ்
13 செப்ரெம்பர் 2024

அன்பான அக்கா,

எனக்குக் கொலஸ்ட்ரோலைத் தவிர சுகம். றீற்றாவுக்கு நான்தான் வருத்தமாம், மற்றப்படி சுகம். அத்தானின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவச் சொல்லுங்கள்.

பெலற் அடுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த மலையூரில் பதினொரு வருஷமாக அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். எல்லா அடுப்பிலும் பின்பக்கம் ஒரு பெட்டி இருக்கும். அதில் குச்சியைக் கொட்டினால் ஒரு திருகுகம்பி கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும். மின்விசிறி சூட்டை அறைக்குள் ஊதும். வித்தியாசம் தள்ளுகிற விதத்தில்தான்.

ஒன்று மேலிருந்து விழுவது. குச்சி குழாய் வழியே நெருப்புச் சட்டிக்குள் விழும். நெருப்பு திரும்பிப் பெட்டிக்குப் போகாது, அது நல்லது. ஆனால் மட்டமான குச்சி போட்டால் சாம்பல் இறுகிக் கருங்கல்லாகிவிடும். என்னுடையது இந்த வகை. காலையில் வேலைக்கு முன் அதைச் சுரண்டுகிறபோது எனக்கு வருகிற வெறுப்பை எழுத முடியாது. மற்றது கீழிருந்து தள்ளுவது. புதுக் குச்சி பழைய சாம்பலை விளிம்புக்குத் தள்ளிக் கொட்டிவிடும். சுரண்டத் தேவையில்லை, எந்தக் குச்சியும் எரியும். விலைதான் கூட.

நீங்கள் கராஜுக்குப் போவது நல்ல காரியம். நம்முடைய அம்மாவும் உங்களுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, பாயும் பானையுமாகப் பின்வளவுக் குடிலுக்குப் போனது ஞாபகம் வருகிறது. ஆனால் இரண்டு நாளும் இருக்கவில்லை, என்னவோ திரும்பி வந்துவிட்டா. எனக்கு அப்போது கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது.

கொலஸ்ட்ரோலுடன்
தம்பி


அஜின்கோர்ட்
30 செப்ரெம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

தோள் அப்படியே. முழங்கால் அப்படியே. நல்லெண்ணெய் தடவி அத்தானின் காற்சட்டை பழுதானதுதான் மிச்சம்.

உன் கடிதத்தை வேண்டுமென்றே சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தேன். கருங்கல், சுரண்டல், வெறுப்பு எல்லாம் கண்ணில் படட்டும் என்று. துஷானிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அவள் அதன்மேல் கோப்பியை வைத்துவிட்டு வேலைக்கு ஓடிவிட்டாள்.

சனிக்கிழமை விதுஷன் எங்களை மிசிசாகாவில் ஓர் அடுப்புக் கடைக்குக் கூட்டிப்போனான். துஷானி காருக்குள் இருந்து வேலை விஷயமாகப் போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். அத்தானுக்கு ஒரு கதிரை கிடைத்தது, அதில் நித்திரையாகிவிட்டார். மெலிசா என்றொரு பிள்ளை எனக்கு எல்லாவற்றையும் மூட்டிக் காட்டினாள். கடை முழுக்கப் பெயின்ற் காய்கிற நாற்றம். மேலிருந்து விழுகிற அடுப்பு டக்கு டக்கென்று சத்தம் போடுகிறது, கூரைக்குள் எலி ஓடுவதுபோல. கீழிருந்து தள்ளுகிற அடுப்பில் சத்தமில்லை. ஆனால் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் குச்சிகள் புழு நெளிவதுபோலக் கீழிருந்து எழும்பி எழும்பி வருகின்றன. மத்தியானம் சாப்பிடவே இல்லை.

ஐஸ் மழை வந்து கரண்ட் நின்றால் என்ன நடக்கும் என்று கேட்டேன். விசிறியும் திருகுகம்பியும் நின்றுவிடும், புகை கொஞ்சம் அறைக்குள் வரலாம் என்று ஒத்துக்கொண்டாள் மெலிசா. நல்ல பிள்ளை, பொய் சொல்லவில்லை. நான் திரும்பி மருமகனைப் பார்த்தேன். அவன் போனில் குறித்துக்கொண்டான். குச்சிப் பை ஒன்று பதினெட்டுக் கிலோ, இந்தத் தோளை வைத்துக்கொண்டு நான் தூக்குவதா என்றேன். அதையும் குறித்துக்கொண்டான். கிழமைக்கொருமுறை சாம்பல் அள்ளுவது யார் என்றேன். அதையும்தான். அவனைப்போலக் குறிக்கிற பிள்ளையை நான் கண்டதில்லை.

காரில் திரும்பும்போது துஷானி, "பிடிச்சிருக்கா அம்மா?" என்று கேட்டாள். ஒன்றும் பிடிக்கவில்லை என்றேன். "வேற கடை பாப்பம்," என்றாள்.

ஆகவே தம்பி, எல்லா அடுப்பும் குப்பை. உனக்கும் அப்படித்தான் தோன்றும் என்று நினைக்கிறேன். அதை உன் கையால் எழுது.

அடுப்பில்லாத
அக்கா


லங்னாவ்
14 ஒக்ரோபர் 2024

அன்பான அக்கா,

இங்கே முதல் ஸ்நோ கொட்டிவிட்டது. எல்லோரும் சுகம்.

உங்கள் குறைகளை வாசித்துவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரக் கிழவர் முன்னர் வீடுகளில் அடுப்புப் பொருத்திப் பூட்டுகிற வேலை செய்தவர். அவரை ஒரு பின்னேரம் முழுக்க மேசையில் இருத்தி, உங்கள் கடிதத்தை வரிவரியாக டொச் மொழியில் சொல்லிக் கேட்டேன். ஒன்று விடாமல் வழி இருக்கிறது.

எலிச் சத்தம் வேண்டாமென்றால் கீழிருந்து தள்ளுவதை எடுங்கள். புழுவைப் பார்க்க விருப்பமில்லையென்றால் கண்ணாடிக் கதவுக்குப் பதிலாக இரும்புக் கதவு வைத்தும் வருகிறது. கரண்ட் நின்றால் ஓட, பக்கத்தில் ஒரு பற்றரி பூட்டலாம். கரண்டே வேண்டாத அடுப்பும் உண்டு, குச்சி தன் பாரத்தில் தானே சரிந்து விழும். ஆனால் சூட்டைக் கூட்டிக் குறைப்பது கஷ்டம், சின்ன அறையில் வெந்துபோவீர்கள். பற்றரிதான் புத்தி. தோளுக்கு, பெட்டியின் வாய் இடுப்பளவில் இருக்கிற அடுப்பாகப் பார்க்கவேண்டும். பையைத் தூக்கவே கூடாது, சின்னச் சுளகால் அள்ளிப் போடலாம். சாம்பல் தட்டு பெரிதென்றால் மாதத்துக்கொருமுறை கொட்டினால் காணும். படமும் கீறி வைத்திருக்கிறேன்.

பாருங்கள் அக்கா, இனி நீங்கள் சொல்ல ஒரு குறையும் இல்லை. கிழவரே என் படத்தைப் பார்த்து மெச்சினார்.

துஷானி இதற்கெல்லாம் என்ன சொல்கிறாள்? அத்தானுக்கு விருப்பமா?

பெருமையுடன்
தம்பி


அஜின்கோர்ட்
4 நொவெம்பர் 2024

தம்பிக்கு,

சுகம்.

உன் கடிதத்தை நான் மேசையில் வைக்கவில்லை. தபாலை எடுத்தது விதுஷன். நான் பிரித்து வாசித்துவிட்டுக் குசினிக்குப் போய்வருவதற்குள் போனால் படமெடுத்துவிட்டான். அந்தப் போன் நீ எழுதியதை இங்கிலிஷில் மாற்றி ஒரு பொம்பிளைக் குரலில் வாசித்தது. அவனுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். மாமி என்று வாய் வராது, அன்ரிதான். "அன்ரி, மாமா எல்லாத்துக்கும் ஐடியா தந்திருக்கிறார்," என்றான்.

அடுப்பு வந்துவிட்டது. கீழிருந்து தள்ளுவது. இரும்புக் கதவு. இடுப்பளவு வாய். பற்றரி. பெரிய தட்டு. நீ கீறிய படத்தை அப்படியே உருக்கி வார்த்ததுபோல இருக்கிறது. எனக்குத் தங்கள் பரிசாம். துஷானி அதற்குச் சிவப்பு றிபன் கட்டியிருந்தாள். றிபனை அவிழ்த்து மடித்து வைத்தேன். தாங்க்ஸ் சொன்னேன்.

அனுமதி வந்தது, சுவருக்குள் பஞ்சு அடைத்தார்கள், ஜன்னல் வைத்தார்கள், குளிக்கிற அறை வைத்தார்கள். எல்லாம் சரியாகவும் கெதியாகவும் நடக்கிறது. இந்த நாட்டில் ஒரு வேலையும் நேரத்துக்கு முடியாது என்று முப்பத்தைந்து வருஷமாகத் திட்டியிருக்கிறேன். முடியாமல் போகக்கூடாதா என்று நினைத்தபோதுதான் முடிகிறது.

தம்பி, நீ கெட்டிக்காரன். பள்ளிக்கூடத்திலும் கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்வாய். கேட்காத கேள்விதான் உனக்கு ஒருநாளும் விளங்காது.

அடுப்புக்காரி
அக்கா


லங்னாவ்
19 நொவெம்பர் 2024

அன்பான அக்கா,

கொலஸ்ட்ரோல் இறங்கிவிட்டது. அடுப்பு வந்தது பெரிய சந்தோஷம். உங்கள் கடைசி வரி எனக்கு விளங்கவில்லை, றீற்றாவிடம் காட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

புது வீட்டுக் குடிபூரல் எப்போது? யார் யாரைக் கூப்பிட்டீர்கள்? துஷானியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே. அத்தான் புது இடத்தில் நித்திரை கொள்வாரா?

குச்சிப் பைகளை ஈரம் படாமல் வையுங்கள்.

தம்பி


அஜின்கோர்ட்
15 டிசெம்பர் 2024

தம்பிக்கு,

தோளைக் கேட்காதே.

குடிபூரல் முடிந்தது. புது வீட்டில் பால் பொங்கி வழிந்தால்தான் அது வீடு. மின்சார அடுப்பு இன்னும் பூட்டவில்லை, பெரிய வீட்டுக்குள் பொங்கிக்கொண்டு வருவோம் என்றார்கள் பிள்ளைகள். புது அடுப்பில்தான் பொங்கவேண்டும் என்று நான் நின்றேன். உன்னுடைய அந்த அருமையான அடுப்பின் தலையில் பால் பானையை வைத்தேன். ஐயர் மந்திரம் சொல்லி முடித்துவிட்டார், பால் அசையவில்லை. திரும்பச் சொன்னார். அப்போதும் அசையவில்லை. அவருக்கு றிச்மண்ட் ஹில்லில் இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டும், கையில் கட்டிய மணிக்கூட்டைப் பார்த்தபடியே நின்றார். பிறகு ஒரேயடியாகப் பொங்கி, சூடான காற்று வருகிற ஓட்டைகளுக்குள் முழுவதும் இறங்கியது. உள்ளே கருகிய பாலை விசிறி எடுத்து எங்கள் முகத்தில் ஊதியது. புகைக்கு அலாரம் அலறியது. ஐயர் கதவைத் திறந்துகொண்டு ஸ்நோவுக்குள் போய் நின்றார்.

விதுஷன் அடுப்பைக் கழற்றிப் பல்துலக்குகிற பிரஷால் ஒவ்வொரு ஓட்டையாகத் தேய்த்தான். பிரயோசனமில்லை. அடுப்பு மூளுகிற ஒவ்வொரு தரமும் அந்த நாற்றம் வருகிறது. கருகிய பால், அதற்குள் புளித்த ஒரு வாடை. போர்வையில் மணக்கிறது, தலைமயிரில் மணக்கிறது. சீ, கோயிலுக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர் விலகி உட்காருகிறார்.

ஈரம் படாமல் வை என்றாய். உன் கடிதம் வருமுன்னரே ஒரு பையை வாசலில் விட்டுவிட்டேன், உள்ளே இழுக்கத் தோள் விடவில்லை. ஸ்நோ உருகி இறங்கி, குச்சியெல்லாம் ஊதித் தவிடாகிவிட்டது. மேலாகக் காய்ந்திருந்ததை அள்ளிப் போட்டேன், திருகுகம்பி இறுகி நின்றது. கையை விட்டு அந்தக் களியை வழித்தெடுத்தேன். நாய் கக்கியதை அள்ளியதுபோல இருந்தது. அன்றைக்கு எத்தனை தரம் கை கழுவினேன் என்று தெரியாது.

அத்தான் சுகம். பால் மணம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கொஞ்சச் சோறு வைத்தாலும் மூன்று நேரத்துக்கு வருகிறது, ஆகவே நானும் சுகம்.

பால் மணக்கும்
அக்கா


லங்னாவ்
6 ஜனவரி 2025

துஷானிக்கு,

மாமா எழுதுவது. சுகம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

உன் அம்மாவின் கடிதத்தை நானும் றீற்றாவும் வாசித்தோம். கொஞ்சச் சோறு மூன்று நேரத்துக்கு வருகிறதாம். இரண்டு பேர் சாப்பிடுகிற வீட்டில் சோறு அப்படி மிஞ்சாது. அந்தக் கராஜுக்குள் அக்கா தனியாக இருக்கிறா. அத்தானை நீங்கள் உள்ளே வைத்துக்கொண்டு, தாயை மட்டும் நாறுகிற அடுப்போடு வெளியே விட்டிருக்கிறீர்கள்.

திறப்பைக் கையில் தந்தவவுக்கே கதவைச் சாத்துகிற பிள்ளையை நான் எந்தச் சாதியிலும் கண்டதில்லை. உன்னைக் கையில் தூக்கி வைத்திருந்த போட்டோ என் அலுமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது. விதுஷன் வாங்கித் தந்த அடுப்புக்கு நீ றிபன் கட்டினாயாம். அம்மாவை வெளியேற்றுவதற்குச் சிவப்பு றிபன்.

பதில் எழுத வெட்கமிருந்தால் எழுதாமல் விடு.

மாமாங்கம்


அஜின்கோர்ட்
24 ஜனவரி 2025

மாமா,

எனக்கு எழுத்துத் தமிழ் வராது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில படிச்சத வச்சு, கதைக்கிற மாதிரியே எழுதுறன். உங்கட கடிதத்த மூண்டு நாளா ஹாண்ட்பாக்கில வச்சுக்கொண்டு திரிஞ்சன். வேலையில பாத்ரூமுக்குள்ள போய் அழுதன். நீங்க சுகமா? நான் கேக்கிறன், ஏனெண்டா கேக்கிறதுதான் சரி.

நாங்க அம்மாவப் போகச் சொல்லேல்ல. எங்களுக்கு இந்த வீடே வேணாம். மிசிசாகாவில எங்களுக்குச் சின்ன அப்பார்ட்மென்ற் இருந்தது, அது போதும் எண்டுதான் சொன்னனாங்க. அம்மாதான் எல்லார் முன்னாலயும் திறப்பைத் தந்தவ. பிறகு, நானும் அப்பாவும் கராஜுக்குப் போறம் எண்டவ. நான் என்ன நினைச்சன் தெரியுமா? அம்மாவுக்கு எங்களோட இருக்கப் பிடிக்கேல்ல எண்டு நினைச்சன். நான் சமைக்கிற கறியை மணந்து பாத்திட்டு வைப்பா. விதுஷன் பாத்திரம் கழுவுற சிங்கில கால் கழுவினதப் பாத்து சீ எண்டவ. எங்களப் பாக்க அம்மாவுக்கு அருவருப்பு, அதான் தனிய இருக்க ஆசைப்படுறா எண்டு நினைச்சன். எனக்கும் அது நொந்தது. ஆனா பெரிய ஆள் ஒரு முடிவு எடுத்தா அத ரெஸ்பெக்ட் பண்ண வேணும்தானே. ஆகத் திறமான அடுப்பை வாங்கிக் குடுப்பம் எண்டு விதுஷன் எவ்வளவு தேடினவர்.

அப்பா கராஜில நாலு நாள்தான் இருந்தவர். முழங்கால் நோகுதெண்டு உள்ளுக்கு வந்தவர், போகவேயில்ல. பால் பொங்கின அண்டைக்கு அம்மாவிட்டக் கேட்டன், மணம் போகும்வரைக்கும் உள்ள வந்து படுங்களன் எண்டு. "வேணாம்" எண்டவ. வேணாம் எண்டா வேணாம்தானே மாமா? எனக்கு அப்பிடித்தான் தெரியும்.

துஷானி


லங்னாவ்
8 பெப்ரவரி 2025

அன்பான மகள் துஷானிக்கு,

முதலில் சுகம் கேட்கிறேன். போன கடிதத்தில் கேட்காததையும் சேர்த்துக் கேட்கிறேன். விதுஷனையும் கேட்டதாகச் சொல். அந்தக் கடிதத்தைக் கிழித்து உன் அம்மாவின் அடுப்பில் போட்டுவிடு, அதுவாவது எரியட்டும்.

உன் பதிலை வாசித்துவிட்டு றீற்றா என்னைத் திட்டிய திட்டை நான் எழுதமாட்டேன். அவள் கேட்ட ஒரு கேள்வியை மட்டும் எழுதுகிறேன். "உங்கட அம்மா குடிலுக்குப் போனா, பிறகு ஏன் திரும்பி வந்தா?" அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. உன் அம்மா, புதுப்பெண், ஈரத் தலையோடு பின்வளவுக்குப் போய்க் கூப்பிட்டா. அம்மம்மா வேண்டாம் என்றா. மத்தியானம் திரும்பப் போனா. அம்மம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தா, ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பொழுதுபட மூன்றாம் தரம் போனா. அம்மம்மா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் வந்துவிட்டா. கடைசிவரைக்கும் உன் அம்மாவோடுதான் இருந்தா.

வீட்டைக் கொடுத்தவ வெளியே போவது வழக்கம். போகவிடாமல் மறிப்பதும் வழக்கம். நம்முடைய ஆட்களுக்கு முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது வேண்டாம் ரோஷத்துக்கு. மூன்றாம் தரம் கேட்டால்தான் பதில். உனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை, அது உன் பிழை இல்லை.

பிழை என்னுடையது. அக்கா ஒவ்வொரு கடிதத்திலும் அடுப்பைக் குறை சொல்லிச் சொல்லி, என்னை ஒருவராவது போகவேண்டாம் என்று சொல்லுங்கள் என்றுதான் கேட்டிருக்கிறா. நானும் உன் புருஷனும் பற்றரி தேடினோம். என் தலைக்குள் இருப்பதும் நனைந்த பெலற்தான் என்று நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஆகவே போய்க் கூப்பிடு. மூன்று தரம் கூப்பிடு.

மாமா


அஜின்கோர்ட்
2 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு,

தோள் கொஞ்சம் பரவாயில்லை. றீற்றாவுக்கு என் அன்பு. உனக்குக் குறைவாகத்தான்.

நேற்றுக் காலை துஷானி கராஜுக் கதவைத் தட்டி, "அம்மா, உள்ளுக்கு வாங்க," என்றாள். கையிலிருந்த சீப்பைக் கட்டிலில் வைத்தேன். ஆனாலும் வேண்டாம் என்றேன். போய்விட்டாள். நான் தலையைச் சீவி முடித்திருக்கமாட்டேன், திரும்ப வந்து தட்டினாள். "அம்மா, உள்ளுக்கு வாங்க." அதே குரல், அதே சொல். வேண்டாம் என்றேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள், கண்ணாடியில் நிழல் தெரிந்தது. அப்படியே திறந்துகொண்டு மூன்றாம் தரமும் கேட்டாள். கேட்டுவிட்டு, சோதனை எழுதி முடித்த பிள்ளையைப்போல மூச்சை விட்டாள்.

"மாமா சொல்லித் தந்தவரா?" என்றேன். தலையாட்டினாள். "மூண்டு தரம் கேட்டிட்டன் அம்மா, இனி வாங்க."

தம்பி, அந்த அடுப்பில் பால் கருகியபோதுகூட எனக்கு அப்படிக் குமட்டவில்லை. நீ சொல்லிக்கொடுத்து வந்த அழைப்பு. கோயிலில் ஐயர் சொல்லச் சொல்ல அர்த்தம் தெரியாமல் திருப்பிச் சொல்வதுபோல. பெற்ற மகளுக்குத் தாயைக் கூப்பிடச் சுவிஸிலிருந்து பாடம் வரவேண்டுமா? "போ, போய் உன்ர வீட்டில இரு," என்றேன். முகம் சுருங்கிப் போனாள். உன்மேலும் எனக்கு வெறுப்பு, அவள்மேலும் வெறுப்பு. எல்லோரையும்விட என்மேல். இந்த அறுபத்திரண்டு வயதில் ஒரு வாய்ச்சொல்லுக்காக மாதக்கணக்கில் நாற்றத்துக்குள் கிடக்கிறவளை என்னவென்று சொல்வது?

விளக்கு வைக்கிற நேரம் திரும்பக் கதவு திறந்தது. தட்டவில்லை. துஷானிதான், தலையணையும் போர்வையுமாக. சால்வையால் மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். என் கட்டிலில் சுவர்ப்பக்கமாக ஏறிப் படுத்தாள். அந்தப் பக்கம்தான் அடுப்புக் காற்று நேரே அடிக்கும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பால் மணம் ஆகாது. சால்வைக்குள்ளால் ஓங்காளிக்கிற சத்தம் கேட்டது.

என்ன செய்கிறாய் என்றேன்.

"நீங்க வாறதெண்டா வாங்க, வராட்டி விடுங்க. எனக்கு இனிக் கேக்கத் தெரியாது. நான் இங்கதான் படுக்கப்போறன்."

"இந்த நாத்தத்துக்குள்ளயா?"

"நீங்க கிடக்கிறீங்கதானே."

மூச்சை வாயால் விட்டுக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள். கண்ணோரத்தால் தண்ணீர் வந்தது, நாற்றத்துக்கோ என்னவோ. இதை உன் கடிதத்தில் தேடிப் பார்த்தேன். இல்லை. இது அவளாகச் செய்தது.

கொஞ்ச நேரம் பொறுத்தேன், ரோஷம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. பிறகு என்னுடைய தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எழும்பு புள்ள, குளிருது," என்றேன். கராஜுக்குள் வெக்கை. அந்த அடுப்பில் ஆயிரம் குற்றம் சொன்னாலும் சூட்டில் குறை சொல்லேலாது. ஆனால் அவள் உடனே எழும்பிவிட்டாள்.

உள்ளே அத்தான் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். என்னைப் பார்த்து, வந்திட்டியா என்று கேட்டுவிட்டுக் காலை மடக்கி இடம் விட்டார். அவரோடு இன்னும் பேச்சில்லை. துஷானியின் பருப்பில் உப்பு அதிகம், விதுஷன் இன்னும் சிங்கில்தான் கால் கழுவுகிறான், இரண்டையும் சொல்லிவிட்டேன். முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார்கள். சொல்லச் சொல்லத்தான் அவளுக்குச் சிரிப்பு வருகிறது.

ஒரேயொரு பிரச்சினை. பின்வளவில் அந்த அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. நான் பொத்தான்களை எல்லாம் அமத்திப் பார்த்தேன், சூடு கூடியதே தவிர நிற்கவில்லை. மருமகனிடம் கேட்டால் படம் போட்டு விளக்குவான், எனக்குப் பொறுமையில்லை. உன் கடிதங்களை எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். எப்படிக் குச்சி ஊட்டுவது, எப்படிச் சாம்பல் கொட்டுவது, கரண்ட் போனாலும் எப்படி அணையாமல் வைத்திருப்பது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். எப்படி நிறுத்துவது என்று ஒரு வரியும் இல்லை.

அதை எழுது. அவசரமில்லை. நான் உள்ளேதான் இருக்கிறேன்.

அக்கா